கிட்டங்கிப் பாதை போடுமுன்...

சென்ற மாதம் ஒரு நாள் இரவு, கடை கட்டும் நேரத்தில், நம் சங்க உறுப்பினரான இளைஞர் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். அவருடைய தகப்பனாரும் நானும் ஒரே காலத்தில் தொழில் தொடங்கியவர்கள். வந்தவர் ஒரு பையிலிருந்து மூன்று பேவர் பிளாக் கற்களை எடுத்து என் மேஜை மேல் வைத்தார். ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள், ஒன்று சாம்பல்.

"அண்ணாச்சி, வீட்டு வாசல்ல இருந்து பின்னால கிட்டங்கி வரைக்கும் இதைப் போடப் போறேன். எந்தக் கலர் நல்லா இருக்கும்?" என்று கேட்டார்.

"கலர் இருக்கட்டும் தம்பி. அடியில என்ன போடப் போற?" என்றேன்.

"அதெல்லாம் காண்டிராக்டர் பார்த்துக்குவார் அண்ணாச்சி" என்றார்.

இதே பதிலை நானும் ஒரு காலத்தில் சொன்னவன். அதனால் எனக்கு ஏற்பட்ட நஷ்டத்தையும், என்னால் இன்னொருவருக்கு ஏற்பட்ட நஷ்டத்தையும் அன்றைக்கு அவரிடம் சொன்னேன். கிட்டங்கி கட்டுவதற்குப் பல லட்சம் செலவு செய்யும் நம்மவர்கள், அதற்குள் சரக்கு வந்து சேரும் பாதையைக் கடைசியில் மிஞ்சிய பணத்தில் போடுவதே வழக்கமாக இருப்பதால், அதை இங்கேயும் எழுதுகிறேன்.

1998-ல் விருதுநகருக்கு வெளியே ஒரு கிட்டங்கி கட்டினேன். மெயின் ரோட்டிலிருந்து கிட்டங்கி வாசல் வரை 180 அடி நீளத்தில் ஒரு சந்து. என்னைச் சேர்த்து நான்கு பேருக்கு அதில் வண்டிப்பாதை பாத்தியம் உண்டு. ஒருவர் எண்ணெய் வியாபாரி, ஒருவர் வெல்ல மண்டிக்காரர், இன்னொருவர் பள்ளியில் ஆசிரியையாக இருந்த அம்மா. அவருக்கு அங்கே வீடு மட்டும்தான். எங்கள் பக்கம் கரிசல் பூமி என்பது எல்லோருக்கும் தெரியும். பருத்திக்கும் வத்தலுக்கும் நல்ல மண். கட்டடத்துக்கும் ரோட்டுக்கும் அதைப் போலத் தொல்லை கொடுக்கும் மண் வேறில்லை. தண்ணீர் குடித்தால் உப்பும். காய்ந்தால் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மேலே நாம் என்ன போட்டாலும் அதை ஐப்பசியில் தூக்கும், சித்திரையில் கீழே விடும்.

நான் அமர்த்திய காண்டிராக்டர் மேல்மண்ணை லேசாகச் சுரண்டிவிட்டு, நாலு அங்குலம் மணல் பரப்பி, அதன்மேல் நாலு அங்குலம் கான்கிரீட் போட்டார். குறைந்த ரேட் கேட்டது நான்தான். அதோடு இன்னொரு காரியமும் செய்தேன். மேல்பரப்பை வீட்டுத் தரை மாதிரி வழுவழுப்பாகத் தேய்த்துத் தரச் சொன்னேன். சித்திரை மாதத்தில் வேலை முடிந்தபோது பாதை பளபளவென்று இருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள்.

அந்த வருஷக் கார்த்திகையில் ஒரு காலை நேரம், தூறல் விழுந்துகொண்டிருந்தது. துவரம்பருப்பு லோடு வந்திருந்தது. கிட்டங்கி வாசலுக்கு முன்னால் பாதை சற்று சரிவாக இருக்கும். 50 கிலோ மூட்டையைச் சுமந்து வந்த லோடுமேன் அந்த வழுவழுப்பில் கால் சறுக்கி விழுந்தார். மூட்டை அவர் கைமேல் விழுந்தது. வலது மணிக்கட்டில் இரண்டு இடங்களில் எலும்பு முறிவு. வைத்தியச் செலவு முழுவதும் நான் பார்த்துக்கொண்டேன். ஆனால் அதற்குப் பிறகு அவரால் மூட்டை தூக்க முடியவில்லை. தராசு பக்கத்தில் எடை எழுதும் வேலையில் வைத்துக்கொண்டேன். பல வருஷம் என்னிடம் இருந்தார். "அந்தத் தரையை யார் அப்படித் தேய்க்கச் சொன்னது?" என்று அவர் ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை.

மறு வருஷத்திலேயே பாதை பிளக்க ஆரம்பித்தது. மூன்றாம் மழையில் லோடு லாரி ஒன்றின் பின்சக்கரம் கான்கிரீட்டை உடைத்துக்கொண்டு ஓர் அடி இறங்கிவிட்டது. நனைகிற மழையில் பாதி லோடை ரோட்டில் இறக்கித்தான் வண்டியை வெளியே எடுத்தோம். 22 மூட்டை பருப்பு நனைந்தது. அதன்பிறகு இருபது வருஷம் அந்தப் பள்ளங்களில் கட்டட இடிசலையும் ஜல்லியையும் கொட்டிக்கொண்டே இருந்தேன். அந்தச் செலவுகளை எல்லாம் பழைய பேரேடுகளிலிருந்து ஒரு தடவை கூட்டிப் பார்த்தேன். முதலிலேயே ஒழுங்காகப் போட்டிருக்கக்கூடிய ரோட்டின் செலவை அது எப்போதோ தாண்டியிருந்தது.

2019-ல் அதை முழுக்கத் தோண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டோம். இந்தத் தடவை காண்டிராக்டரிடம் பேசுவதற்கு முன்னால், நெடுஞ்சாலை வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் நான்கு நாள் உட்கார்ந்து பாடம் கேட்டேன். அவர் முதலில் சொன்னது, இருநூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் ரோடு போட்ட ஜான் மக்காடம் என்ற ஸ்காட்லாந்துக்காரரைப் பற்றி. 1816-ல் பிரிஸ்டல் நகர்ப் பக்கத்து ரோடுகளுக்குப் பொறுப்பேற்றவர் அவர். வண்டியின் பாரத்தைத் தாங்குவது கீழே இருக்கும் மண்தான், மேலே போடும் கல் அந்த மண்ணை நனையாமல் காக்கும் கூரை என்பது அவருடைய கொள்கை. நம் ஊரில் "மெட்டல் ரோடு" என்று சொல்லும் ஜல்லி ரோட்டுக்கு மூலம் அவர்தான். தார், சிமெண்டு எல்லாம் பிறகு வந்து சேர்ந்தவை.

பெரியவர் அடுத்துச் சொன்ன கணக்கு நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியமானது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ரோடுகளைப் போட்டு, அவற்றின்மேல் லாரிகளை இரவும் பகலும் ஓட்டிச் சோதனை செய்தார்கள். ஒரு அச்சின்மேல் பாரம் இரண்டு மடங்கு ஆனால், ரோட்டுக்கு ஏற்படும் சேதம் இரண்டு மடங்கோடு நிற்காது, ஏறக்குறைய பதினாறு மடங்கு ஆகும் என்று அதில் தெரிந்தது. நம் நாட்டில் நான்கு டயர் உள்ள பின் அச்சுக்கு 10.2 டன் என்று இருந்த வரம்பை 2018-ல் 11.5 டன்னாக உயர்த்தினார்கள். லோடில் கூடுதல் ஒன்றேகால் டன்தான். ஆனால் அந்தக் கணக்குப்படி ஒவ்வொரு நடைக்கும் ரோட்டின் தேய்மானம் ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆகவே ஸ்கூட்டரும் காரும் மட்டும் போகிற வீட்டுப் பாதையைப் பார்த்து, "அது பத்து வருஷமாக நன்றாக இருக்கிறதே" என்று கிட்டங்கிப் பாதையை அதே மாதிரி போடக் கூடாது.

எங்கள் நான்கு பேருக்கும் செலவைப் பங்கு போடுவதில் தகராறு வந்ததும் இதனால்தான். நான்கு சமபங்கு என்று எண்ணெய் வியாபாரி சொன்னார். ஆசிரியை அம்மாவிடம் இருப்பது ஒரு ஸ்கூட்டர். "உங்கள் லாரிக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டு மாதம் பேச்சு இழுத்தது. கடைசியில் இப்படி முடிவு செய்தோம்: ஸ்கூட்டரும் காரும் போகும் அளவுக்கு ஒரு பாதை போட என்ன செலவாகுமோ அதை நான்கு பங்காகப் பிரிப்பது. லாரிக்காகக் கூட்டும் கனத்தின் செலவு முழுவதையும் வியாபாரிகள் மூவர் ஏற்பது. இதை முத்திரைத் தாளில் எழுதி, பராமரிப்புக்கும் இதே விகிதம் என்று சேர்த்து, நால்வரும் கையெழுத்துப் போட்டோம்.

அந்த அம்மா இன்னொரு நிபந்தனையும் வைத்தார். பழைய பாதையின்மேல் நாங்கள் இருபது வருஷம் கொட்டிய இடிசலால் பாதை உயர்ந்து, மழைத் தண்ணீர் அவர் வீட்டு வராந்தாவுக்குள் போய்க்கொண்டிருந்தது. இனி ஒரு அங்குலம்கூட உயர்த்தக் கூடாது என்றார். எனக்கு அது தொந்தரவாகப் பட்டது. ஆனால் அந்த நிபந்தனைதான் எங்களை ஒழுங்காகத் தோண்ட வைத்தது. உயர்த்த முடியாது என்றால் கீழேதானே இறங்க வேண்டும்?

இரண்டரை அடி ஆழம் தோண்டினோம். 180 அடி நீளம், 14 அடி அகலம், இரண்டரை அடி ஆழம் என்றால் 6,300 கன அடி, அதாவது 63 யூனிட் கரிசல் மண் வெளியே போனது. அந்தக் குழியின் அடியில் இருந்த கரிசலைக் கொத்திவிட்டு, நூறு கிலோ மண்ணுக்கு நாலு கிலோ வீதம் சுண்ணாம்பு கலந்து, தண்ணீர் தெளித்து ரோலர் விட்டோம். சுண்ணாம்பு சேர்ந்தால் கரிசலின் உப்புகிற குணம் குறையும். அதன்மேல் 16 அங்குலம் சரளைச் செம்மண். மணலைக் கொண்டு நிரப்பினால் மலிவாகுமே என்று கேட்டதற்குப் பெரியவர் கோபித்துக்கொண்டார். மணலுக்குள் தண்ணீர் தேங்கும், அந்தத் தண்ணீரை அடியில் இருக்கும் கரிசல் குடித்துக்கொண்டே இருக்கும். 1998-ல் என் பாதையைக் கெடுத்ததில் அந்த நாலு அங்குல மணலுக்கும் பங்கு உண்டு. ஒட்டுகிற தன்மை உள்ள, ஆனால் உப்பாத சரளைதான் கரிசலுக்கு மேலே சரியான மூடி.

சரளையை ஒரே தடவையில் கொட்டி மேலாக ரோலர் ஓட்டக் கூடாது. ரோலரின் அமுக்கம் ஏழெட்டு அங்குலத்துக்குக் கீழே சரியாக இறங்காது. ஆறு ஆறு அங்குலமாகப் பரப்பி, புட்டுக்கு மாவு பிசறுகிற பதத்துக்குத் தண்ணீர் காட்டி, அடுக்கடுக்காக இறுக்கினோம். சரளைக்கு மேலே 8 அங்குலம் ஜல்லியும் கிரஷர் தூளும் கலந்த படுகை. அதுவும் இரண்டு அடுக்கு. இது முடிந்ததும் பெரியவர் ஒரு பரீட்சை வைத்தார். லோடு ஏற்றிய என் லாரியையே அதன்மேல் மெதுவாக நகர்த்தச் சொல்லி, சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து பார்த்தார். எங்கள் சந்தில் இரண்டு இடங்களில் சக்கரம் ஏறும்போது தரை மெத்தை போல அமுங்கி எழுந்தது. அந்த இரண்டு இடத்தையும் வெட்டி எடுத்து மறுபடி நிரப்பினோம். காண்டிராக்டருக்கு முகம் சுண்டியது. நீங்கள் எந்தப் பாதை போட்டாலும் இந்தப் பரீட்சையைச் செய்யாமல் மேல்வேலைக்குப் போகாதீர்கள். காசு செலவில்லாத பரீட்சை.

மேலே 6 அங்குலக் கான்கிரீட். இங்கேதான் நம் வியாபாரப் புத்தி வேலை செய்யும். ஓர் அங்குலம் குறைத்து 5 அங்குலமாகப் போட்டால் என்ன என்று கணக்குப் போட்டேன். 2,520 சதுர அடியில் ஓர் அங்குலம் என்றால் 210 கன அடி, இரண்டு யூனிட்டுக்கு மேல் மிச்சம். சரக்கில் ஆறில் ஒரு பங்கு. ஆனால் கான்கிரீட் தகடு வளைந்து உடையாமல் தாங்கும் வலு அதன் கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆறாறு முப்பத்தாறு, ஐயைந்து இருபத்தைந்து. அதாவது ஆறில் ஒரு பங்கு செலவை மிச்சம் பிடித்தால், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வலு போய்விடும். இந்த வியாபாரம் கட்டாது என்று விட்டுவிட்டேன்.

ரெடிமிக்ஸ் லாரி வந்து ஊற்றும்போது முதலாளி பக்கத்தில் நிற்க வேண்டும். கலவை கெட்டியாக இருந்தால் பரப்புகிறவர்களுக்குக் கஷ்டம். நீங்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் ஹோஸ் பைப்பை உள்ளே விட்டுவிடுவார்கள். தண்ணீர் கூடினால் கலவை சுலபமாக ஓடும், ஆனால் காய்ந்தபின் வலு இருக்காது. மேலே மாவு மாதிரி உதிரும். பரப்பும்போது நடு உயர்ந்து இரண்டு பக்கமும் அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் வருகிறதா என்று டியூப் மட்டம் வைத்துப் பாருங்கள். 14 அடிப் பாதைக்கு நடுவில் முக்கால் அங்குலம் குறைய இரண்டரை... என்ன எழுதுகிறேன், ஒன்றேமுக்கால் அங்குலம் உயரம் வரும். அதிகமாகத் தோன்றும். ஆனால் மழையில்தான் அதன் அருமை தெரியும்.

மேல்பரப்பைத் தேய்க்க விடவில்லை. ஈரமாக இருக்கும்போதே தென்னந்துடைப்பத்தால் குறுக்காகக் கோடு இழுக்கச் சொன்னேன். சரிவு உள்ள இடத்தில் கோடுகள் இன்னும் ஆழமாக. பார்க்க அழகாக இல்லை என்று என் மகன் சொன்னான். ஏன் என்று அவனுக்குச் சொன்னேன்.

மறுநாளைக்குள் 14 அடிக்கு ஒரு குறுக்கு வெட்டு, ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாத ஆழத்தில், மெஷினால் போட வேண்டும். கான்கிரீட் சுருங்கும்போது எப்படியும் வெடிக்கும். நாம் வெட்டிக் கொடுத்த கோட்டில் வெடித்தால் நமக்கு நஷ்டமில்லை. அந்த வெட்டுகளுக்குள் தண்ணீர் இறங்காமல் அடைத்து, வருஷத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீர் காட்டுவதற்குப் பழைய சணல் சாக்குகளை விரித்தோம். நமக்குச் சாக்குக்கா பஞ்சம்? ஆனால் சர்க்கரைச் சாக்கு, வெல்லச் சாக்கு எதையும் அலசாமல் போட்டுவிடாதீர்கள். சர்க்கரை சிமெண்டை இறுக விடாது. 50 கிலோ சிமெண்டு மூட்டைக்கு ஒரு சிறங்கை சர்க்கரை சேர்ந்தால்கூடக் கலவை இறுகுவது தள்ளிப்போகும். எங்கள் வெல்ல மண்டிக்காரர் ஆர்வமாக நாற்பது சாக்கு எடுத்து வந்து, பெரியவர் விரட்டத் திருப்பி எடுத்துப் போனார். பதினான்கு நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டோம். லாரியை 28 நாள் கழித்துத்தான் விட்டோம். அதுவரை மெயின் ரோட்டில் சரக்கை இறக்கித் தள்ளுவண்டியில் கொண்டு வந்தோம். கூலி கூடுதல்தான். வியாபாரம் மந்தமான மாதத்தில் வேலையை வைத்துக்கொண்டால் தாங்கலாம்.

பாதைக்குப் பக்கத்தில் ஓடும் வடிகாலின் அடிமட்டம், ஜல்லிப் படுகையின் அடியைவிடக் கீழே இருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே இறங்கிய தண்ணீர் வெளியே வரும். மெயின் ரோட்டு ஓரத்தில் இருக்கும் பொதுச் சாக்கடையை மண் போட்டு மூடி அதன்மேல் பாதை ஏற்றுவது நம்மவர்கள் பலர் செய்யும் தவறு. சட்டப்படியும் தவறு. முதல் மழையில் நம் கடைக்குள்ளேயே தண்ணீர் வரும். அனுமதி வாங்கி, தண்ணீர் தடையில்லாமல் போகும்படி சிலாப் போட்டுக்கொள்ளுங்கள். குடிநீர்க் குழாய், கரண்டு வயர் போக ஒன்றிரண்டு காலிக் குழாய்களையும் பாதைக்கு அடியில் முன்கூட்டியே பதித்துவிடுங்கள்.

வரி விஷயம் ஒன்று. சொந்த உபயோகத்துக்குக் கட்டும் கட்டுமானத்துக்கு ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி வரவு கிடையாது. பாதையும் அதில் சேரும். பழுது பார்த்த செலவைச் சொத்துக் கணக்கில் ஏற்றாமல் செலவில் எழுதியிருந்தால் விஷயம் வேறு. உங்கள் ஆடிட்டரைக் கேட்டுக்கொண்டு பில்லை வாங்குங்கள். 2025 செப்டம்பரில் சிமெண்டுக்கான வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததையும் எஸ்டிமேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய எஸ்டிமேட்டையே நீட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

இனி அந்த இளைஞரின் மூன்று கற்களுக்கு வருகிறேன். பேவர் பிளாக் மோசமான பொருள் அல்ல. குழாய் பதிக்கக் கல்லைப் பெயர்த்து எடுத்து மறுபடி அடுக்கலாம் என்பது பெரிய வசதி. ஆனால் என் மேஜையில் அவர் வைத்தவை 60 மில்லிமீட்டர் கற்கள். இந்தியத் தர நிர்ணயப்படி அது கார் போன்ற லேசான வண்டிகளுக்கு உரியது. லோடு வண்டிக்கு 80 மில்லிமீட்டராவது வேண்டும். இரண்டு ஓரத்திலும் கான்கிரீட் கட்டை வைத்து இறுக்காவிட்டால், லாரி திரும்பும்போது கற்கள் மெல்ல மெல்ல வெளிப்பக்கம் நகர்ந்து, பாதை அலை அலையாகிவிடும். கற்களின் இடுக்குகள் வழியாகத் தண்ணீர் இறங்கும் என்பதால் கரிசல் பூமியில் அடிப்படுகைக்கு இன்னும் அதிகக் கவனம் வேண்டும். இவ்வளவையும் கேட்டுவிட்டு அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப காசு இரண்டு மடங்கு ஆகுமே அண்ணாச்சி" என்றார்.

வாசலிலிருந்து கார் நிற்கும் இடம் வரை 60 மில்லிமீட்டர் கல்லும், லாரி போகும் பக்கம் மட்டும் கனமான கான்கிரீட்டும் போடலாம் என்று இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் வரைந்தோம். அவர் முதலில் பயந்த அளவுக்குச் செலவு வரவில்லை. போன திங்கட்கிழமை தோண்ட ஆரம்பித்திருக்கிறார். இரண்டடிக்குக் கீழேயும் கரிசல்தான் என்று போன் செய்தார். புதன்கிழமை ரோலர் வருகிறது. லோடு வண்டி பரீட்சைக்கு என் லாரியையே அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். கல்லின் நிறத்தை அவர் வீட்டுப் பெண்கள் முடிவு செய்துகொள்வார்களாம்.